மாட்டுங்காவில் ‘சுத்தம்’ என்றால் எந்தச் சுத்தம்?

மயிலாப்பூர் கச்சேரி சாலைக்கு அந்தப் பெயர் பாட்டால் வரவில்லை, அங்கே இருந்த அரசுக் கச்சேரியால் வந்தது. தாலுகா கச்சேரி, கலெக்டர் கச்சேரி, போலீஸ் கச்சேரி என்றெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழில் தாராளமாகப் புழங்கிய சொல். தமிழில் ஆபீஸ் செத்துப் பாட்டு மிஞ்சியது. மும்பையில் நேர்மாறு. மராட்டியில் இன்றைக்கும் ‘கசேரி’ என்றால் அலுவலகம்தான்; பாட்டு கேட்கக் கூடினால் அது ‘மைஃபில்’. கிங்ஸ் சர்க்கிளில் டாக்ஸி ஏறி, பாட்டு அரங்கமான சண்முகானந்தாவின் பெயரைச் சொல்லாமல் “கச்சேரிக்கு நேரமாச்சு” என்று மட்டும் சொன்னால், ஓட்டுநர் உங்களை ஏதோ சர்க்கார் வேலைக்கு ஓடுகிறவராகத்தான் நினைப்பார்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் வீட்டில் கர்நாடகமும் பள்ளியில் இந்துஸ்தானியும் படிக்கிறார்கள். இரண்டு பக்கமும் சொல் ஒன்று, பொருள் வேறு. ஒவ்வொரு சொல்லும் ஏன் பிரிந்தது என்று நோண்டினால், முக்கால்வாசி இடத்தில் அடியில் ஒரு வாத்தியம் கிடக்கும். தந்தி மாறும், மெட்டு (பாட்டின் மெட்டு அல்ல, வீணையில் தந்தியை அழுத்தும் பட்டை) மாறும், கட்டை வந்து சேரும். சொல் மட்டும் பழைய சட்டையோடு புது வேலைக்குப் போகும். நோட்டில் எழுதும்போதும் கடையில் கேட்கும்போதும் மேடையில் உட்காரும்போதும் இது எங்கெங்கே காலை வாரும் என்று பார்க்கலாம்.

கைக்காசு போகிற இடம் முதலில். சுருதி.

பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் சுருதி என்பது அளவு. ஒரு ஸ்தாயியில், அதாவது ச முதல் மேல் ச வரை, 22. ச 4, ரி 3, க 2, ம 4, ப 4, த 3, நி 2. இன்றைக்கு “உங்க சுருதி என்ன?” என்று கேட்டால் யாரும் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை, “அஞ்சு கட்டை” என்கிறார்கள். அளவாக இருந்தது ஆதார ஒலியாகிவிட்டது. பழைய பொருள் சதுஸ்ருதி ரிஷபம், ஷட்ஸ்ருதி தைவதம் போன்ற பெயர்களுக்குள் மட்டும் புதைந்து கிடக்கிறது. சதுஸ்ருதி (நான்கு சுருதி) என்று நாம் சொல்லும் ரிஷபத்தை, 72 மேளகர்த்தா முறையை வகுத்த வேங்கடமகி பஞ்சஸ்ருதி (ஐந்து சுருதி) என்று எழுதினார். பெயரில் ஒட்டியிருக்கும் எண்ணை இன்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதற்கு அது ஒன்று போதும்.

‘கட்டை’ அதைவிடப் புதியது. ஹார்மோனியத்தின் கட்டைகளை எண்ணிப் பிறந்த சொல். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பெட்டி நம்மிடம் வந்து சேர்வதற்கு முன் குரலின் உயரத்துக்கு இப்படி ஓர் எண்ணே கிடையாது. தொண்டைக்கு இதமான இடத்தில் தம்பூராவைச் சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மைக் வராத காலத்து நாடக மேடையில் எண் பெருமைக்குரியதாக ஆனது. ‘எட்டுக்கட்டைக் குரல்’ என்ற பாராட்டு அங்கிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது, முப்பது வருஷம் அந்தத் தடை நீடித்தது. ஸ்டுடியோவுக்குள் பெட்டி போகவில்லை, பெட்டியின் கட்டை எண் மட்டும் வித்வான்களின் வாயில் ஏறி ஜம்மென்று உள்ளே போய் வந்தது.

நம் கணக்கில் முழு எண் எல்லாம் வெள்ளைக் கட்டை, அரை சேர்ந்தால் கறுப்பு. ஒன்று என்றால் சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று இ, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி. மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்பு கிடையாது. மராட்டிக்காரர்கள் இரண்டு நிறத்தையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். வெள்ளை ‘பாண்டரி’, கறுப்பு ‘காளி’. பாண்டரி எண் நம் முழு எண்ணோடு ஒத்துப்போகும். காளி ஒன்று என்பது நம் ஒன்றரை, இரண்டு என்பது இரண்டரை. மூன்றாவது காளி நம் நாலரை, நாலாவது ஐந்தரை, ஐந்தாவது ஆறரை.

இந்துஸ்தானிப் பாடகர்கள் பெரும்பாலும் கறுப்புக் கட்டையில் பாடுவதால், தாதர் பக்கத்துக் கடையில் நிறம் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் காளி என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஒன்று, இரண்டு என்று கேட்டால் அரைச் சுரம்தான், அதாவது அடுத்த கட்டைக்கு உள்ள தூரம்தான், பிசகும். மூன்றில் இரண்டு அரைச் சுரம், நான்கிலும் ஐந்திலும் மூன்று. “அஞ்சுக்குத் தந்தி போட்டுக் கொடுங்க” என்று ஒரு பெண்மணி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நினைப்பது ஜி, வினாடிக்கு 196 அதிர்வு. கடைக்காரர் ஏ ஷார்ப்புக்கு, அதாவது 233க்குத் தோதான மெல்லிய தந்தி போட்டுக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து ஜி-க்கு இறக்கினால் தந்தி தொளதொளவென்று கிடக்கும், ரீங்காரம் எழும்பாது. இதைத் தலைகீழாகச் செய்தால் இன்னும் மோசம். ஜி-க்காகப் போட்ட தந்தியை ஏ ஷார்ப்புக்கு முறுக்கினால், ஒலி மூன்று அரைச் சுரம்தான் ஏறும், இழுவிசையோ 41 விழுக்காடு கூடும். அதிர்வெண் கூடுவதன் வர்க்கத்தில் இழுவிசை கூடும் என்பது தந்தியின் விதி. ‘டப்’பென்று அறுந்தால்கூடத் தேவலை. அறாமல் நின்றுவிட்டால் மேல்பலகையை நாள்முழுக்க அழுத்திக்கொண்டிருக்கும். ‘பாண்டரி பாச்’ என்று நிறத்தோடு சொல்லுங்கள், அல்லது ‘ஜி’ என்று சொல்லுங்கள். இரண்டில் எதுவும் யாருக்கும் குழப்பம் தராது.

அதே கடையில் இன்னொரு கண்ணி இருக்கிறது, ‘ஜீவா’. நமக்கு அது தம்பூராவில் தந்தியைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே செருகும் நூல். இந்துஸ்தானிக்காரர்களுடைய ‘ஜவாரி’ குதிரையின் மேல்பரப்பில் இழைத்த அந்த மெல்லிய வளைவு. திறந்து ரீங்கரித்தால் ‘குலி’ ஜவாரி, அடக்கமாக ஒலித்தால் ‘பந்த்’ ஜவாரி. நூலுக்கு அவர்களிடம் ‘தாகா’ என்று வேறு பெயர். “ஜீவா சரியில்லை, பார்த்துக் கொடுங்க” என்று நீங்கள் சொல்ல, கைவினைஞர் ஜவாரி என்று காதில் வாங்கி அரத்தை எடுத்துவிடுவார். அவர் செய்வது தப்பே இல்லை, அது அவர் வேலை. ஆனால் அரம் பட்டு உதிர்ந்தது திரும்ப ஒட்டாது. அடுத்த முறை சரிசெய்ய இன்னும் கீழேதான் இழைக்க வேண்டும். கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே நூலை அரை மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டராகக் குதிரை மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். தந்தியை மீட்டிக்கொண்டே நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் ஒலி திடீரென்று மலரும், அங்கேயே விட்டுவிடலாம். ஜூலை மாதத்து ஈரத்தில் நூல் நைந்து போயிருந்தால் புது நூல் போட்டால் தீர்ந்தது.

இனி தலைப்பில் உள்ள சொல். கர்நாடக முறையில் ‘சுத்தம்’ என்றால் அந்தச் சுரத்தின் மிகத் தாழ்ந்த இடம். இந்துஸ்தானியில் ‘ஷுத்த’ என்றால் பிலாவல் தாட்டில் (தாட் என்பது தாய்ச் சுர வரிசை), நம் சங்கராபரணத்தில், வருகிற சுரம். ச-வை விட்டுவிட்டு அதற்கு மேலே, வெள்ளை கறுப்பு என்று பாராமல், கட்டைகளை எண்ணிக்கொண்டு போவோம். முதல் கட்டை நமக்குச் சுத்த ரிஷபம், அவர்களுக்குக் கோமள் ரே. இரண்டாவது நமக்குச் சதுஸ்ருதி ரிஷபம், அதே இடத்துக்கே சுத்த காந்தாரம் என்றும் பெயர். அவர்களுக்கு ஷுத்த ரே. மூன்றாவது நமக்குச் சாதாரண காந்தாரம், அவர்களுக்குக் கோமள் க. நான்காவது நமக்கு அந்தரம், அவர்களுக்கு ஷுத்த க. ஐந்தாவதுதான் இருவரும் கைகுலுக்கும் இடம். இரு பக்கமும் அது சுத்த மத்திமம். ஆறாவது பிரதி மத்திமம், அவர்களுக்குத் தீவ்ர ம. ஏழு பஞ்சமம். மேல்பாதியும் இதே தினுசு: எட்டு நமக்குச் சுத்த தைவதம், அவர்களுக்குக் கோமள், ஒன்பது நமக்குச் சதுஸ்ருதி தைவதம் அல்லது சுத்த நிஷாதம், அவர்களுக்கு ஷுத்த த, பத்து கைசிகி, கோமள் நி, பதினொன்று காகலி, ஷுத்த நி.

மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பூப் அல்லது பூபாலிக்கும் அதே சுரங்கள்தான். பள்ளி நோட்டில் ‘பூப்: ச ரே க ப த, எல்லாம் ஷுத்த’ என்று ஒரு வரி இருக்கும். அதன் இடங்கள் 0, 2, 4, 7, 9. கர்நாடகம் படித்த குழந்தை அந்த வரியை நம் வழக்கில் வாசித்தால் விரல் போகும் இடம் 0, 1, 2, 7, 8. கீபோர்டில் சி, சி ஷார்ப், டி, ஜி, ஜி ஷார்ப். வாசித்துப் பாருங்கள். மோகனம் எங்கே, இந்தக் கனகாங்கிச் சாயல் எங்கே! குழந்தைக்கு ஞானம் போதவில்லை என்று பெற்றோர் பாட்டு வாத்தியாரிடம் முறையிடுவார்கள். பிழை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. எந்த நோட்டிலும் ராகத்தின் பெயருக்குக் கீழே 0 முதல் 11 வரையான இந்த இட எண்ணை ஒரு வரி எழுதிவிடச் சொன்னால் போதும், சுத்தமும் கோமளும் அதற்குமேல் சண்டை போடாது.

எது சரியான சுத்தம் என்று கேட்பதில் பயனில்லை, இரண்டு பக்கமும் நகர்ந்திருக்கின்றன. வடக்கே பழைய சுத்த வரிசை காபி தாட்டை ஒட்டியது, 19ஆம் நூற்றாண்டில்தான் பிலாவல் அந்த நாற்காலியில் ஏறியது. தெற்கே 1550இல் ராமாமாத்யர் ‘ஸ்வரமேளகலாநிதி’ எழுதியபோது எல்லாச் சுரமும் சுத்தமாக இருக்கும் முதல் மேளத்துக்கு முகாரி என்று பெயர். வேங்கடமகிக்கும் அப்படியே. இன்று அந்த இடத்தில் கனகாங்கி உட்கார்ந்திருக்கிறாள். முகாரி கரகரப்பிரியா வீட்டுக்குக் குடிபோய், சதுஸ்ருதி ரிஷபமும் இரண்டு தைவதமுமாக வேறு ஆளாகிவிட்டது. ‘வேங்கடமகி முகாரியைப் பற்றிச் சொல்கிறார்’ என்று யாராவது கட்டுரையில் எழுதினால், எந்த முகாரி என்று கேளுங்கள்.

மேளம் என்று சொன்னதும் தமிழர் காதில் தவில்தான் அதிரும். கெட்டிமேளம் என்கிறோம், நாகஸ்வரக் குழுவைப் பெரிய மேளம் என்றும் சதிர்க் குழுவைச் சின்ன மேளம் என்றும் அழைத்தார்கள். சேர்தல், கூடுதல் என்பதுதான் அடிப்பொருள். மும்பைக்காரர் ‘மேளா’ என்று சந்தையைச் சொல்வதும் அதுவே. 72 மேளகர்த்தா என்பதில் உள்ள மேளம் எப்படி வந்தது? வீணையிலிருந்து. பழைய நூல்களில் சுத்த மேள வீணை, மத்திய மேள வீணை என்று பிரிப்பார்கள். தந்திகளைச் சேர்க்கும் முறையை வைத்து வந்த பெயர்கள். ஏகராக மேள வீணை என்றால் ஒரு ராகத்துக்கு வேண்டிய மெட்டுகள் மட்டும் இருக்கும். ராகம் மாறினால் மெட்டையும் மாற்ற வேண்டும். சர்வராக மேள வீணையில் எல்லா ராகத்துக்குமான மெட்டுகளும் நிரந்தரமாக இருக்கும். அப்படி மெட்டுகளைச் சேர்த்து அமைப்பது மேளம். அந்த அமைப்பில் கிடைக்கும் சுர வரிசைக்கு அதே பெயர் ஒட்டியது. கடைசியில் வீணை கையில் இல்லாத பாடகரும் “இது எத்தனாவது மேளம்?” என்று கேட்கும் நிலை வந்தது.

பழைய பொருள் செத்துப்போனதாக நினைத்துவிடாதீர்கள். வீணை செய்கிற இடத்தில் இன்றைக்கும் ‘மேளம் கட்டுவது’ என்றால் மெட்டுப் பதிப்பதுதான். தேன்மெழுகோடு கரி சேர்த்து உருக்கித் தண்டியின் (வீணையின் நீண்ட கழுத்தின்) இரு ஓரமும் கரை எழுப்புவார்கள். முதன்மைத் தந்தியான சாரணியை ச-வுக்குச் சேர்த்துக்கொண்டு, தந்தி நீளத்தின் சரிபாதியில் 12வது மெட்டு, மேல் ச. தண்டியின் மேல் முனையில் தந்தியைத் தாங்கும் மேருவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி 7வது, பஞ்சமம். நாலில் ஒரு பங்கில் 5வது, சுத்த மத்திமம். இவை எலும்புக்கூடு மாதிரி. மற்றவற்றைக் காதால் கேட்டு நகர்த்தி நகர்த்தி நிறுத்துவார்கள். மொத்தம் 24. அளவுகோல் வைத்து இம்மி பிசகாமல் பதித்தாலும் தந்தியை அழுத்தும்போது ஒலி ஒரு துளி ஏறும், ஆகவே காதுதான் கடைசித் தீர்ப்பு. மே மாதத்தில் வீணையைக் காருக்குள் பூட்டிவிட்டு ஷாப்பிங் போனால் மெழுகு இளகி மெட்டு சரியும். பிறகு ‘என் வீணையில் தோடியே வரவில்லை’ என்று புலம்ப வேண்டியதுதான். தோடி போனதற்குக் காரணம் மேளம் போனது, அந்தப் பழைய பொருளில்!

வடக்கே இதற்கு இரட்டைப் பிள்ளை மாதிரி இருப்பது ‘தாட்’. சிதாரில் மெட்டுகளை நூலால் தண்டியில் கட்டியிருப்பார்கள். ராகத்தில் கோமள் ரே வந்தால் ரே மெட்டைக் கொஞ்சம் மேருப் பக்கம் தள்ள வேண்டும். அந்த மெட்டு அமைப்புதான் தாட். தள்ளிக்கொள்வது ‘சல் தாட்’, 24 மெட்டும் அசையாமல் இருப்பது ‘அசல் தாட்’. இந்தச் சொல்லைப் பத்து தாய் வரிசைகளின் பெயராக நிலைநிறுத்தியவர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே. 1860இல் இதே மும்பையில் வாள்கேஷ்வரில் பிறந்தவர், வக்கீல். 1904இல் தென்னாட்டுக்குப் பயணம் வந்து, எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். வேங்கடமகியின் 72இன் தர்க்கத்தைப் பார்த்த கண்ணோடுதான் வடக்குக்குப் பத்து போதும் என்று முடிவுகட்டினார். ஆக மேளமும் தாட்டும் தனித்தனியே வாத்தியத்திலிருந்து ஏறி வந்து, ஒரு மும்பை வக்கீலின் மேஜையில் சந்தித்துக்கொண்டன.

நம் பங்குக்கு இன்னும் பழையது ஒன்று உண்டு: யாழ். பாலையாழ், மருதயாழ் என்று இலக்கியத்தில் படிக்கும்போது அவை வாத்தியமா, பண்ணா என்று மாணவர்கள் தடுமாறுவார்கள். இரண்டும்தான். யாழில் மெட்டு கிடையாது. நரம்புக்கு ஒரு சுரம். செங்கோட்டி யாழில் 7 நரம்பு, சகோட யாழில் 14, பேரியாழில் 21. பண் மாற வேண்டுமென்றால் நரம்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும். சேர்த்து முடித்த நிலையில் அந்த யாழே அந்தப் பண். வாத்தியம் வழக்கொழிந்த பிறகு உரைகளில் பண் என்ற பொருள் மட்டும் நின்றது.

யாழின் சுரப் பெயர்களிலும் ஒரு தீராத வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரல் என்றால் ச என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம்; ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ அப்படித்தான் கொண்டது. விபுலாநந்த அடிகள் 1947இன் ‘யாழ் நூ’லில் குரல் என்றால் ம என்றார். சுருதிபோல ஓர் அளவான அலகின் கணக்கைப் பக்கத்தில் வைத்தால் அவர் ஏன் அங்கே போனார் என்று புரியும். சிலப்பதிகாரக் கணக்குப்படி குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. மேலே சொன்ன பரதரின் 4, 3, 2, 4, 4, 3, 2ஐ ச-விலிருந்து படித்தால் ஒட்டாது. ம-விலிருந்து படியுங்கள்: ம 4, ப 4, த 3, நி 2, ச 4, ரி 3, க 2. அச்சு அசலாகப் பொருந்தும். எண் பொருந்துவதால் பெயரும் பொருந்தியே தீர வேண்டுமா என்பது வேறு கேள்வி. தமிழருக்கு வடமொழி அளவுகோல் எதற்கு என்று கேட்பவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. என் சாய்வு அவர்கள் பக்கம்: ஆதாரமாக முதலில் நிறுத்தும் நரம்புக்குத்தான் குரல் என்று பெயர் வைத்திருப்பார்கள்.

ராகப் பெயர்கள் ஊர்விட்டு ஊர் போய்ப் பெயர் மட்டும் ஒட்டியிருக்கும் உறவினர்கள் போல. நம் ஹிந்தோளம் அங்கே மால்கௌன்ஸ். அவர்களுடைய ஹிந்தோல் ச, அந்தர க, பிரதி ம, சதுஸ்ருதி த, காகலி நி. நம் சுநாதவினோதினியின் பக்கத்து வீடு. தேவாரத்தில் இந்தளம் என்று அதே ஒலியோடு ஒரு பண். சுந்தரரின் ‘பித்தா பிறைசூடீ’ பதிகத்துக்குரியது. ஓதுவார்கள் அதைப் பாடுவதோ மாயாமாளவகௌளைக் குடும்பத்தில். ஒரு பெயர், மூன்று வீடு. அவர்களுடைய பைரவி தாட்டின் சுரங்கள் நம் தோடிக்கு. அவர்களுடைய தோடியின் சுரங்கள் நம் சுபபந்துவராளிக்கு. நம் பைரவி இரண்டிலும் சேராமல் நடபைரவி மேளத்தில் இரண்டு தைவதத்தோடு நிற்கிறது. ஸ்ரீ ராகம் நமக்குக் கரகரப்பிரியாவின் பிள்ளை, மங்கலம். அவர்களுக்குப் பூர்வி தாட்டில், சின்ன ரிஷபமும் பிரதி மத்திமமுமாக அந்தி நேரத்துக் கனம். இரு முறையினரும் சேர்ந்து பாடும் ஜுகல்பந்திக்கு ராகம் பேசும்போது பெயரைச் சொல்லாதீர்கள், ஆரோகணத்தைப் பாடிக் காட்டுங்கள்.

தாளத்தில் தடுக்குவது ‘மாத்திரை’. தொல்காப்பியத்தில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மருந்துக் கடையில் வேறு பொருள், அது கிடக்கட்டும். கர்நாடகத்தில் அட்சரத்துக்குள், அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்குள், வரும் உட்பிரிவு. சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு நான்கு, ஆக ஆதி தாளத்தின் 8 அட்சரத்தில் 32. இந்துஸ்தானியில் மாத்ரா என்றால் தட்டும் எண்ணிக்கையே, தீன்தாலுக்கு 16. மிருதங்கமும் தபலாவும் சேரும் மேடையில் ‘ஆதியும் தீன்தாலும் ஒன்றுதானே’ என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தால் நடப்பது இது. தபலாக்காரர் நம் ஓர் அட்சரத்தை ஒரு மாத்ராவாக எடுத்தால் அவருடைய ஒரு சுற்றுக்குள் நம் இரண்டு ஆவர்த்தனம் அடங்கும். மிருதங்கம் கோர்வையை முடித்து, முதல் ஆவர்த்தனம் தாண்டிய சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், நச்சென்று இறங்கும். அது தபலாவின் 9வது மாத்ரா, தட்டாமல் கையை விசிறும் ‘காலி’. அரங்கில் பாதிப் பேர் தொடையைத் தட்ட, மீதிப் பேர் கையை வெறுமனே விசிறிக்கொண்டிருப்பார்கள். முன்கூட்டியே இரண்டு களை ஆதி (ஒவ்வோர் அட்சரத்தையும் இரட்டித்து எண்ணுவது) என்று பேசி, ஓர் அட்சரத்துக்கு இரண்டு மாத்ரா என்று வைத்துக்கொண்டால் காலியும் சமமும் இடறாது.

‘சம்’ என்பதிலும் இதே தொல்லை. அவர்களுக்குப் பாட்டு வந்து இறங்கும் இடம். பந்திஷின், அதாவது அவர்கள் உருப்படியின், தொடக்க வரியான முகடா சமத்துக்கு முன்னாலேயே புறப்பட்டு அங்கே வந்து விழும். நமக்குச் சமம் என்பது எடுப்பின், அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தின், வகை. சம எடுப்பு இருக்கிறது, அரை இடம், முக்கால் இடம் தள்ளி எடுக்கும் விஷமமும் இருக்கிறது. அரை இடத்தில் எடுக்கும் கீர்த்தனையில் “சம் எங்கே?” என்று தபலாக்காரர் கேட்டால் பாட்டின் முதல் எழுத்தைக் காட்டாதீர்கள். கையைத் தட்டிக் காட்டுங்கள்.

மற்றவற்றை வேகமாக ஒரு பார்வை. கமகம் நமக்கு எல்லா அசைவுக்கும் பொதுப்பெயர். 13ஆம் நூற்றாண்டில் ‘சங்கீத ரத்னாகரம்’ எழுதிய சார்ங்கதேவர் 15 வகை எண்ணினார். இந்துஸ்தானியில் கமக் என்றால் தொண்டையிலிருந்து அழுத்தி உலுக்கும் ஒரே வகை. மீண்ட், ஆந்தோளன், முர்கி எல்லாம் தனித்தனிப் பெயரோடு வெளியே நிற்கும். “கமகம் போதவில்லை” என்று இந்துஸ்தானி மாணவரிடம் சொன்னால் அவர் நளினத்தைக் கூட்ட மாட்டார், குலுக்கலைக் கூட்டுவார். தானம் நமக்கு ‘அனந்தம்’ என்று நடை போடுவது, ‘தான்’ அவர்களுக்கு மின்னல் ஓட்டம். ஜாதி பரதருக்குப் பண் வகை, 18. நமக்குத் திஸ்ரம், சதுஸ்ரம் என்று தாளக் கணக்கு. நட்டுவாங்கத்தில் அது ஜதி. வர்ணம் ஒரு காலத்தில் சுரம் ஏறுகிறதா, இறங்குகிறதா, நிற்கிறதா, சஞ்சரிக்கிறதா என்ற நான்கு நிலை. இன்று கச்சேரியில் முதலில் பாடி முடித்துவிடும் உருப்படி. அன்னமாச்சாரியார் காலத்தில் பதம் என்றால் பக்திப் பாட்டும் அடங்கும். க்ஷேத்ரக்ஞருக்குப் பின் பதம் என்றாலே மெதுவாக நகரும் சிருங்காரம். சங்கதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. “என்ன சங்கதி?” என்று தெருவில் கேட்பவரும், ஒரே வரியை ஏழு விதமாகப் பாடுபவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு பிழைப்பு நடத்துகிறார்கள்.

சங்கீதம் மட்டும் மிச்சம். சார்ங்கதேவர் அதற்குக் கொடுத்த இலக்கணம்: பாட்டு, வாத்தியம், ஆட்டம் மூன்றும் சேர்ந்தால்தான் சங்கீதம். நாம் ஆட்டத்தைக் கழற்றிப் பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்பிவிட்டோம். இப்போது மும்பையில் நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் ஜானவாசத்துக்கு முந்தைய நாள் ‘சங்கீத்’ என்று ஒரு வரி கூடியிருக்கிறது. பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். டோலக் அடிக்கிறார்கள், பாடுகிறார்கள், மாமா முதல் மூன்று வயதுப் பேத்தி வரை எழுந்து ஆடுகிறார்கள். பழைய இலக்கணத்தின்படி பார்த்தால், மறுநாள் ரிசப்ஷனில் யாரும் கேட்காமல் மூலையில் நடக்கும் வயலின் கச்சேரியைவிட இதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.